வாசிக்கத் தெரியும், படிக்கத் தெரியுமா?

கீழே உள்ள இரண்டு வரிகளைச் சற்றுப் படியுங்கள்.

"மிருவன் காலையில் எழுந்து துலுப்பியில் மூன்று கொசலங்களை நெமிட்டினான். அதனால் துலுப்பி சடுத்துப் போயிற்று."

படித்தாயிற்றா? இப்போது பரீட்சை. மிருவன் எத்தனை கொசலங்களை நெமிட்டினான்? மூன்று. எங்கே நெமிட்டினான்? துலுப்பியில். துலுப்பி ஏன் சடுத்துப் போயிற்று? மிருவன் அதில் மூன்று கொசலங்களை நெமிட்டியதால்.

பேஷ்! மூன்று கேள்விக்கும் முழு மார்க். துலுப்பி என்றால் என்ன என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள். எனக்கும் தெரியாது. எழுத உட்கார்ந்தபோது வாய்க்கு வந்தபடி இட்டுக் கட்டிய வார்த்தைகள் அவை.

சிரிக்கிறீர்கள். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் தினமும் மாலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு செய்கிற காரியம் இதுதான். பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்வியைப் பார்க்க வேண்டியது; அதில் உள்ள வார்த்தை பாடத்தில் எந்த வரியில் வருகிறது என்று விரலை ஓட்டித் தேட வேண்டியது; அந்த வரியை அப்படியே நோட்டில் இறக்க வேண்டியது. ஒளிச்சேர்க்கையாக இருந்தால் என்ன, ஒத்துழையாமை இயக்கமாக இருந்தால் என்ன, எல்லாம் துலுப்பிதான். வாத்தியாரும் திருத்திச் 'சரி' போட்டு அனுப்பிவிடுகிறார். வீட்டில் நாமும், "பிள்ளை உட்கார்ந்து படிக்கிறானே!" என்று மனம் குளிர்ந்து காப்பி கலந்து கொடுக்கிறோம்.

எங்கள் எதிர் வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நல்ல பெண். உரக்க வாசித்தால் தெரு முழுவதும் கேட்கும். ஓர் எழுத்துப் பிசகாது. கதைப் புத்தகம் என்றால் சாப்பாடு வேண்டாம். ஆனால் விஞ்ஞானத்திலும் கணக்கிலும் ஒவ்வொரு பரீட்சையிலும் மார்க் இறங்கிக்கொண்டே வந்தது. போன மாதம் அவள் தாயார் வந்து சொன்னதைக் கேட்டு எனக்கு நெஞ்சு பகீரென்றது.

"அக்கா, இவளுக்கு மூளை அவ்வளவுதான் போலிருக்கு. டியூஷனுக்குக் கட்டின பணமும் தண்டம். பத்தாவது எப்படியோ பாஸ் பண்ணிட்டா போதும். அப்புறம் ஏதாவது தையல் கிளாஸுல சேர்த்துடலாம்னு அவங்க அப்பா சொல்றார்."

தையல் ஒன்றும் இழிவில்லை. விரும்பிப் போனால் அது நல்ல தொழில். ஆனால் 'மூளை அவ்வளவுதான்' என்று முத்திரை குத்தி அனுப்புவது வேறு விஷயம். கதவோரம் நின்ற அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டேன். விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பாராவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள், மணி அடித்தது போல. "சரி, இதில் என்ன சொல்லியிருக்கு, உன் வார்த்தையில் சொல்லேன்" என்றேன். விழித்தாள். பிறகு மெல்ல, "பெரியம்மா, மிஸ் இதுல அடிக்கோடு போடச் சொன்னது இந்த ரெண்டு வரிதான்" என்றாள்.

அவள் மேல் என்ன குற்றம்? எழுத்துக் கூட்ட ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள், கற்றுக்கொண்டாள். கதை படிக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டி சொன்ன கதைகளின் தயவில் தானாக வந்தது. விஞ்ஞானப் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று மட்டும் இந்த ஒன்பது வருஷத்தில் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அப்படி ஒன்று சொல்லித் தர வேண்டியது இருக்கிறது என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

ஜீன் சால் என்று ஓர் அம்மையார் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தில் இருந்தார். குழந்தைகள் படிக்கக் கற்கும் படிகளைப் பற்றி 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். முதல் சில வருஷங்கள் குழந்தை படிப்பதற்குக் கற்கிறது. நாலாம் வகுப்பு வாக்கில் நிலைமை தலைகீழாக மாறி, கற்பதற்காகப் படிக்க வேண்டியதாகிறது என்பது அவர் சொன்ன விஷயங்களில் முக்கியமானது. அந்தத் திருப்பத்தில்தான் பல குழந்தைகள் தடுக்கி விழுகிறார்கள். பள்ளிக்கூடமோ, 'படிக்கச் சொல்லிக் கொடுத்தாயிற்று' என்று அதோடு கையைக் கழுவிவிடுகிறது.

நம் நாட்டு நிலவரமும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. 2023-ல் 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில், 14 முதல் 18 வயது வரை உள்ள 34,745 பிள்ளைகளைச் சந்தித்து 'அசர்' என்ற ஆய்வை நடத்தினார்கள். தங்கள் தாய்மொழி வட்டாரத்துப் பாஷையில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க முடியாதவர்கள் நாலில் ஒருவர்! அது எழுத்துக் கூட்டும் கஷ்டம். அதற்காகத் தமிழ்நாட்டில் 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது; நல்லதுதான். மீதி மூன்று பேரைப் பற்றித்தான் இங்கே நான் பேசுகிறேன். சரளமாக வாசிக்கிறவர்கள் என்பதால் அவர்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

'படிப்பு என்றால் படிப்புத்தானே? தமிழ்ப் புத்தகம் படிக்கத் தெரிந்தால் கணக்குப் புத்தகமும் படிக்கலாமே?' என்று கேட்பீர்கள். சமையலறைக்கு வாருங்கள், சொல்கிறேன். மிளகு ரசமும் வைக்கத் தெரியும், மைசூர்பாகும் கிளறத் தெரியும் என்றால் இரண்டும் ஒரே பக்குவமா? ரசத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. மைசூர்பாகில் ஒரு நிமிஷம் தவறினால் உடைக்கச் சுத்தியல் வேண்டும்.

கணக்கு மைசூர்பாகு ஜாதி. '40-ஐ 8-ஆல் வகு' என்பதற்கும் '40-ஆல் 8-ஐ வகு' என்பதற்கும் என்ன வித்தியாசம்? எண்கள் அதே எண்கள். வார்த்தைகளும் அதே வார்த்தைகள். 'ஐ'யும் 'ஆலு'ம் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். விடை ஐந்துக்குப் பதில் ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது. இன்னொன்று பாருங்கள். ஐந்நூறு ரூபாய்ப் புடவையின் விலை '20 சதவிகிதம் குறைந்தது' என்றால் நானூறு ரூபாய். '20 சதவிகிதமாகக் குறைந்தது' என்றால் நூறே ரூபாய்! 'ஆக' என்ற ஒரு துணுக்கில் முந்நூறு ரூபாய் போய்விட்டது. கதை படிக்கும்போது இப்படிப்பட்ட விகுதிகளை நாம் தாண்டிக்கொண்டு ஓடுகிறோம். ஓடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கதையில் சுவை ஏது? அதே ஓட்டத்தில் கணக்கைப் படிக்கிற பிள்ளை தப்பாகப் போடாமல் என்ன செய்வான்? "கவனமில்லை, கவனமில்லை" என்று தலையில் குட்டுகிறோம். எங்கே கவனிக்க வேண்டும் என்று காட்டியிருக்கிறோமா?

விஞ்ஞானத்தில் தொல்லை வேறு தினுசு. நமக்குப் பழகிய வார்த்தை, பழகாத அர்த்தத்தோடு வந்து நிற்கும். தலையில் மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிற போர்ட்டர், பௌதிகப் புத்தகத்தின்படி 'வேலை' எதுவும் செய்யவில்லை! பாவம், வியர்த்து வழிகிறவரிடம் போய் இதைச் சொன்னால் மூட்டையை நம் மேலேயே போடுவார். பொருள் நகர்ந்தால்தான் அங்கே வேலை. 'ஆற்றல்', 'திறன்' இரண்டும் நமக்கு ஏறக்குறைய ஒன்று, புத்தகத்தில் வெவ்வேறு. 'நிறை', 'எடை' அப்படியே. 'உப்பு' என்றால் நாம் ஜாடியில் இருப்பதை நினைப்போம். ரசாயன வகுப்பில் ஆப்பசோடாவும் உப்பு, மயில்துத்தமும் உப்பு. தாவரவியலைக் கேட்டால் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கனி வகை. வார்த்தை தெரிந்ததாக இருப்பதுதான் இதில் வம்பு. தெரியாத வார்த்தையாக இருந்தால் குழந்தை யாரையாவது கேட்கும். தெரிந்த வார்த்தைக்கு எதற்குக் கேட்கப் போகிறது?

வாக்கியங்களின் நீளம் வேறு. 'பச்சையம் உள்ள தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால், காற்றிலிருந்து பெற்ற கார்பன் டை ஆக்ஸைடையும் வேர்கள் உறிஞ்சிய நீரையும் கொண்டு தங்களுக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கும் நிகழ்ச்சி ஒளிச்சேர்க்கை எனப்படும்' என்கிற மாதிரி இருக்கும். நம் தமிழில் முக்கியமான சமாசாரம் கடைசியில்தான் வரும். அதுவரை வந்ததை எல்லாம் குழந்தை மடியில் கட்டிக்கொண்டே நடக்க வேண்டும். பாதி வழியில் மடி அவிழ்ந்துவிடுகிறது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சின்ன உபாயம் சொன்னேன். 'எனப்படும்' என்று கண்டால் அங்கிருந்து பின்னோக்கி வா. எது எனப்படும்? ஒளிச்சேர்க்கை. அது என்ன? ஒரு நிகழ்ச்சி. யார் செய்வது? தாவரங்கள். என்ன செய்கின்றன? உணவு தயாரிக்கின்றன. எதைக் கொண்டு? இரண்டு சாமான்கள். எதன் உதவியால்? வெயில். "அட, சமையல் குறிப்பு மாதிரி இருக்கு பெரியம்மா!" என்றாள். அதேதான்.

சரித்திரப் புத்தகத்தில் வார்த்தை புரிந்தாலும் போதாது; சொல்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும். 1857-ல் நடந்ததைச் 'சிப்பாய்க் கலகம்' என்று ஒருவர் எழுதுவார். 'முதல் சுதந்திரப் போர்' என்று இன்னொருவர் எழுதுவார். 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இப்படித்தான். புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்று கொடுத்த உத்தரவு மூட்டிய தீ அது. அடக்க வந்த வெள்ளைக்கார அதிகாரியின் கடிதமும் பின்னால் வந்த நம்மவர் எழுத்தும் ஒரே குரலில் பேசுமா? சாம் வைன்பர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1991-ல் ஒரு காரியம் செய்தார். எட்டு சரித்திர ஆசிரியர்களிடமும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் பழைய யுத்தம் ஒன்றைப் பற்றிய தஸ்தாவேஜுகளைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிக்கச் சொன்னார். மாணவர்கள் முதல் வரியில் ஆரம்பித்துக் கடைசி வரியில் முடித்தார்கள். சரித்திரக்காரர்களோ யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். நாம் கடிதம் வந்தால் முதலில் கையெழுத்தைப் பார்ப்பதில்லையா, அதுபோல.

இலினாய் பல்கலைக் கழகத்தில் ஷானஹான் தம்பதிகள் கணித மேதைகள், ரசாயன நிபுணர்கள், சரித்திரக்காரர்கள் எல்லாரையும் வைத்து இதையே விஸ்தாரமாக ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். கணிதக்காரர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்களாம், ஒரு சின்னச் சொல்லைக் கூட விடுவதில்லையாம். ரசாயனக்காரர்களின் கண் எழுத்துக்கும் படத்துக்கும் சமன்பாட்டுக்குமாகப் போய்ப் போய் வருகிறதாம். நம் பிள்ளைகள் பூகோளப் புத்தகத்தில் படத்தை என்ன செய்கிறார்கள்? இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தாண்டிப் போகிறார்கள். அல்லது, மன்னிக்க வேண்டும், மீசை வரைகிறார்கள்.

ஆகவே கணக்குப் புத்தகத்தைப் படிக்கக் கணக்கு வாத்தியார்தான் சொல்லிக் கொடுக்க முடியும். தமிழாசிரியரால் ஆகாது; அவர் தலையில் இதையும் கட்டுவது நியாயமும் இல்லை. இது புதிதாக முளைத்த யோசனை அன்று. இங்கிலாந்தில் கல்வி மந்திரியாக இருந்த மார்கரெட் தாட்சர் அம்மையார் (ஆமாம், பின்னால் பிரதம மந்திரியானவரேதான்) 1972-ல் ஒரு கமிட்டி போட்டார். ஆலன் புல்லக் தலைமையில் அது 1975-ல் கொடுத்த பெரிய அறிக்கை, எல்லாப் பாடத்துக்கும் பொதுவான மொழிக் கொள்கை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்றது. பேச்சு நடந்த அளவுக்குக் காரியம் நடக்கவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். 'ஒவ்வோர் ஆசிரியரும் வாசிப்பு ஆசிரியரே' என்று கோஷம் போட்டால், பௌதிக ஆசிரியருக்கு எரிச்சல்தான் வரும். "போர்ஷனை முடிக்கவே நேரமில்லை, இதில் அரிச்சுவடி வேறு நடத்த வேண்டுமா?" என்பார். அரிச்சுவடி நடத்த வேண்டாம் ஐயா, உங்கள் புத்தகத்தை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்களோ அதைப் பிள்ளைகள் எதிரே ஒரு தரம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டால், அநேகமாக யாரும் மறுக்கமாட்டார்கள். "இந்த வரி எனக்கே முதல் தடவை பிடிபடவில்லை; படத்தைப் பார்த்தேன், மறுபடி படித்தேன், பிடிபட்டது" என்று ஒரு வாத்தியார் சொல்லிவிட்டால், பின் பெஞ்சில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எத்தனை தைரியம் வரும்! வாத்தியாருக்கு எல்லாம் பிறவியிலேயே தெரியும், தான்தான் மக்கு என்று அல்லவா அது நினைத்துக்கொண்டிருக்கிறது!

நம் நாட்டிலும் பி.எட். படிப்பை இரண்டு வருஷமாக்கி 2014-ல் விதிமுறை வந்தபோது, எல்லாப் பாடங்களிலும் மொழியின் பங்கு என்பதை ஒரு தனிப் பாடமாகவே வைத்தார்கள். ஆகையால் அண்மையில் பட்டம் பெற்ற இளம் ஆசிரியர்களுக்கு விஷயம் தெரியும். வகுப்பறைக்குள் அது வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அறுபது பிள்ளைகள், நாற்பது நிமிஷம், மாதப் பரீட்சை என்று அவர்களை நெருக்கிக்கொண்டிருந்தால் எங்கிருந்து வரும் என்பது வேறு கேள்வி.

இப்போது நம் பங்கு. அமெரிக்காவில் பாலின்சார், பிரவுன் என்ற இரண்டு பெண்மணிகள் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. எதிர் வீட்டுப் பெண்ணைப் போலவே, எழுத்துப் பிசகாமல் வாசிக்கிற, ஆனால் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஒரு பாரா படித்ததும் பிள்ளைகள் முறை வைத்து வாத்தியார் ஸ்தானத்தில் இருந்து நாலு காரியம் செய்ய வேண்டும். படித்ததைச் சுருக்கிச் சொல்வது, அதில் ஒரு கேள்வி கேட்பது, குழப்பமான இடத்தைத் தெளிவு செய்துகொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. சில வாரங்களிலேயே பலன் கண்கூடாகத் தெரிந்தது. விஞ்ஞான வகுப்பிலும் சமூகப் பாட வகுப்பிலும் கூட அவர்கள் முன்னேறினார்கள்.

இந்த நாலையும் நீங்கள் வாரா வாரம் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்! பத்திரிகை வந்ததும் தொடர்கதையைப் படிக்கிறீர்கள். போன வாரம் படிக்காத நாத்தனாருக்கு நாலு வரியில் கதையைச் சொல்கிறீர்கள். "அவள் ஏன் அந்தக் கடிதத்தை மறைத்தாள்?" என்று கேட்கிறீர்கள். "இரு, இந்த டாக்டர் யார், முன்னால் வந்தவர்தானா?" என்று பழைய இதழைப் புரட்டுகிறீர்கள். "பாரேன், அடுத்த வாரம் அவன் ஊரை விட்டே போகப் போகிறான்" என்று ஜோசியம் சொல்கிறீர்கள். இதே கலையைப் பிள்ளையின் பூகோளப் புத்தகத்தில் காட்ட உங்களுக்குப் பூகோளம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தெரியாமல் இருப்பதே ஒரு வகையில் அனுகூலம். "எனக்குப் புரியலையேடா, நீ சொல்லு" என்று நிஜமாகவே கேட்கலாம்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளை என்றால் தயங்க வேண்டாம். புத்தகம் இங்கிலீஷில் இருக்கட்டும். பேச்சு தமிழில் நடக்கட்டும். தமிழில் சொல்ல வராதது இங்கிலீஷிலும் புரிந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். புஸ்தகத்து இங்கிலீஷை மளமளவென்று ஒப்பிக்கிறானே என்று ஏமாந்து போகாதீர்கள். துலுப்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1988-ல் 64 பிள்ளைகளை வைத்து, பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விட, சுமாராக வாசித்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் கிரிக்கெட்டை வைத்துச் செய்தாலும் அப்படித்தான் ஆகும். முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் படிப்பது ஒட்டும். ஆகையால் பால் ஏன் தயிராகிறது, குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது, ஐப்பசியில் சென்னையில் கொட்டும் மழை ஆடியில் ஏன் கேரளத்தில் கொட்டுகிறது என்று வீட்டில் நடக்கிற வம்பளப்பு எதுவும் வீண் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வராதீர்கள். "உங்கள் பாடப் புத்தகத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று இவளுக்கு ஒரு நாள் காட்டுகிறீர்களா, சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அரசாங்கப் பள்ளியானால் உங்களுக்கு உரிமையே இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை எல்லாம் பேசுங்கள், அவசியம்தான். ஒரு கூட்டத்தில் இதையும் ஐந்து நிமிஷம் பேசலாம்.

எதிர் வீட்டுப் பெண் இப்போது இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு பாரா படித்துத் தாயாருக்குச் சொல்கிறாள். தாயார் எட்டாவதோடு நின்றவர், ஆரம்பத்தில் கூச்சப்பட்டார். இப்போது அவர்தான் விடமாட்டேன் என்கிறார். முந்தாநாள் என்னிடம் வந்து, "அக்கா, எடையும் நிறையும் வேறயாமே! அப்ப கடைக்காரன் தராசுல நிறுத்துக் கொடுக்கறது எது?" என்று கேட்டார். உங்கள் வீட்டு விஞ்ஞான மாணவனைக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தைத் திறக்காமல் சொல்லட்டும்.